மின்துறை தேர்ந்த மாதரசி – ஏ. லலிதா

மேல்நிலை இரண்டாம் ஆண்டில் கணிதமும் அறிவியலும் பயிலும் எங்களைக் காணும் பெரியவர்கள் யாவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்பதே அது. பொறியியல் என்று சொல்லிவிட்டால் உடனே அடுத்த கேள்வி வருகிறது: எந்தப் பிரிவு? சிவிலா, மெக்கானிகலா, எலெக்ட்ரிகலா, கம்ப்யூட்டரா? நாங்கள் பதில் சொல்லுமுன் அவர்களே பதிலும் தந்துவிடுவார்கள். அடுத்த வீட்டுப் பையன் எதைப் படித்தான், எந்தப் பிரிவுக்குச் சம்பளம் அதிகம், எது பெண்களுக்கு ஆகாது என்றெல்லாம் பட்டியல் நீளும். கடைசியில், தேர்வு எழுதுவதைவிடத் தேர்ந்தெடுப்பதே கடினம் என்ற எண்ணம் எங்களுக்கு வந்துவிடுகிறது.

நம் மாநிலத்தில் 1984-ஆம் ஆண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் தொழிற்கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு நடந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, மேல்நிலைத் தேர்வின் மதிப்பெண்களைக் கொண்டு கலந்தாய்வு நடைபெறுகிறது. அகில இந்தியக் கல்வி நிலையங்களுக்கோ நுழைவுத் தேர்வு உண்டு. எந்த வாசல் வழியே சென்றாலும், பிரிவைத் தேர வேண்டிய வேளை எல்லோருக்கும் வருகிறது.

எண்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்துக்கு முன்னர் இதே சென்னை மாநகரில் ஓர் இளம்பெண் இந்தக் கேள்வியை எதிர்கொண்டார். அவருக்கு அப்போது வயது இருபதைத் தாண்டியிருந்தது. வீட்டில் அவருக்காகக் காத்திருக்க ஒரு சிறு குழந்தை இருந்தது. கணவர் இல்லை. தமக்கு முன் அவ்வழியில் நடந்த பெண் ஒருத்தியும் இல்லை. அவர்தாம் இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் எனப் போற்றப்படும் ஏ. லலிதா அம்மையார். அவருடைய வாழ்க்கையை அறிவது, கேள்வியோடு நிற்கும் எங்களைப் போன்றோருக்குப் பயன் தரும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

லலிதா 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில், தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த எழுவரில் அவர் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக விளங்கியவர். புதிய கருவிகளை ஆக்கிப் பார்ப்பதில் பேரார்வம் கொண்டவர். சகோதரர்களும் பொறியியல் பக்கமே சென்றனர். ஆகவே மின்சாரம், மோட்டார், கம்பிச்சுருள் என்னும் சொற்கள் லலிதாவுக்குப் பாடநூலில் படித்து அறிந்தவை அல்ல. வீட்டுக் கூடத்தில் கேட்டு வளர்ந்தவை.

ஆயினும் அக்கால வழக்கம் அவரையும் விடவில்லை. 1934-ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், அவருக்குத் திருமணம் நடந்தது. இன்று நம் பள்ளியில் பத்தாம் வகுப்பில் இருக்கும் தங்கையரின் வயது அது. அதன் பின்னும் எஸ்.எஸ்.எல்.சி. வரை அவர் படித்து முடித்தார். அந்நாளில் மணமான பெண்ணுக்கு அதுவே பெரிய படிப்பு. அத்துடன் பாடப் புத்தகம் மூடப்பட்டது என்றே எல்லோரும் எண்ணியிருப்பர்.

துயரமும் துணிவும்

1937-ஆம் ஆண்டில் லலிதாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது அவருடைய கணவர் இறந்தார். பதினெட்டு வயதில் லலிதா கைம்பெண்ணானார்.

அந்தக் காலத்தில் கைம்மை என்றால் என்னவென்று எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். நல்ல நாளில் எதிரே வரக்கூடாது. நாலு பேர் கூடும் இடத்தில் முன்னே நிற்கக்கூடாது. எஞ்சிய நாட்களை வீட்டின் ஒரு மூலையிலே கழிக்க வேண்டும். சோறும் துணியும் பிறர் கையை எதிர்பார்த்தே கிடைக்கும். தாய்க்கு இந்த நிலை என்றால், அவளை நம்பியுள்ள குழந்தையின் நிலையும் அதுவே.

லலிதா தந்தையின் வீட்டுக்குத் திரும்பினார். அழுதுகொண்டே காலத்தைப் போக்க அவர் விரும்பவில்லை. தம் மகளைத் தாமே காப்பாற்ற வேண்டும், அதற்குத் தமக்கென்று ஒரு தொழில் வேண்டும், தொழிலுக்குப் படிப்பு வேண்டும் என்று படிப்படியாக எண்ணித் தெளிந்தார். மறுமணம் பற்றியும் அவர் எண்ணவில்லை. தந்தையார் தடை சொல்லாமல் துணை நின்றார். சென்னை ராணி மேரி கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்த லலிதா, அத்தேர்வில் முதல் வகுப்பில் தேறினார்.

எந்தப் பிரிவு?

இன்டர்மீடியட் தேர்வே அந்நாளில் தொழிற்கல்லூரிகளுக்கு வாசற்படி. அதில் முதல் வகுப்புப் பெற்ற பெண்ணுக்கு ஊரார் காட்டியிருக்கக்கூடிய வழி மருத்துவம்தான். அதில் வியப்பில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-ஆம் ஆண்டிலேயே பெண்கள் சேர்ந்துவிட்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அங்கே 1912-இல் பட்டம் பெற்றுப் புகழ் அடைந்திருந்தார். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918 முதல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி நடத்தி வந்தார். பெண் டாக்டரை மக்கள் மதித்தனர், தேடிச் சென்றனர். பெண் பொறியாளரையோ எவரும் கண்டதில்லை.

லலிதாவும் மருத்துவத்தைப் பற்றி எண்ணிப் பார்த்தார். ஆனால் அவர் எண்ணிப் பார்த்த விதந்தான் நாம் கவனிக்கத்தக்கது. டாக்டர் என்றால் நள்ளிரவிலும் கதவு தட்டப்படும். நோயாளி அழைத்தால் போய்த்தான் ஆக வேண்டும். அப்போது தம் குழந்தையை யார் பார்ப்பது? தந்தை இல்லாத குழந்தைக்குத் தாயும் இரவில் இல்லாமற்போகலாமா? காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வேலையே தமக்கு ஏற்றது என்று அவர் முடிவு செய்தார். மருத்துவம் உயர்ந்ததா, பொறியியல் உயர்ந்ததா என்று அவர் தராசில் நிறுக்கவில்லை. தம் வாழ்க்கையில் எதை விட முடியாது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதற்கு இசைந்த படிப்பைத் தேடினார். அப்படித் தேடியபோது தந்தையும் சகோதரர்களும் நடந்த பாதை கண்முன் தெரிந்தது.

பொறியியல் என்று ஆனபின் எந்தப் பிரிவு என்பது எஞ்சியது. கிண்டிக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றது. ஆகவே நிலம், பாலம், கட்டடம், கால்வாய் ஆகியவற்றைப் பற்றிய சிவில் படிப்பே அங்கே மூத்தது. இயந்திரவியல் பின்னர் வந்தது. மின்பொறியியல் பட்டப் படிப்போ 1930-இல் வந்த இளைய குழந்தை. ஆனால் அது வளரும் குழந்தை. நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியிருந்தது. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையிலும் சில ஆண்டுகளில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். மண்ணெண்ணெய் விளக்கு எரிந்த ஊர்களுக்கு மின்கம்பிகள் சென்றுகொண்டிருந்த காலம் அது.

லலிதா மின்பொறியியலைத் தேர்ந்தார். வீட்டில் பழகிய அறிவு, நாட்டில் வளர்ந்து வந்த துறை, மகளுக்குத் தேவையான மாலைப்பொழுது ஆகிய மூன்றும் அந்தத் தேர்வில் ஒன்றுகூடின எனலாம்.

கிண்டியில் நான்கு ஆண்டுகள்

தேர்ந்தால் போதுமா? கதவு திறக்க வேண்டுமே! பெண் ஒருத்தியைப் பொறியியற் கல்லூரியில் சேர்ப்பது அதுவரை நடவாத காரியம். தந்தையார் சுப்பாராவ், கல்லூரி முதல்வராயிருந்த கே.சி. சாக்கோ அவர்களிடம் பேசினார். மாகாணக் கல்வித்துறை இயக்குநராயிருந்த ஆர்.எம். ஸ்டேதம் என்னும் ஆங்கிலேயரின் இசைவும் வேண்டியிருந்தது. இருவரும் மறுக்கவில்லை. 1940-ஆம் ஆண்டில் லலிதா கிண்டிக் கல்லூரியின் மாணவியானார்.

நூற்றுக்கணக்கான மாணவர்கள் நடுவே ஒரே ஒரு மாணவி. மாணவர்கள் அவரிடம் கண்ணியமாகவே நடந்துகொண்டனர். விடுதியில் அவருக்குத் தனி இடம் தரப்பட்டது. வார இறுதியில் வீட்டுக்குச் சென்று மகளைக் கண்டு வருவார். மற்ற நாட்களில் குழந்தையை உறவினர் பார்த்துக்கொண்டனர். குழந்தைக்காகவே எடுத்துக்கொண்ட படிப்புக்காகக் குழந்தையைப் பிரிந்திருக்க வேண்டிய நாட்களும் வந்தன. எவ்வளவு எண்ணித் தேர்ந்தாலும் ஒரு விலை கொடுத்தே ஆக வேண்டும் என்பதை இங்கே நாம் காண்கிறோம்.

பாடம் அவருக்குக் கடினமாயில்லை; தனிமைதான் கடினமாயிருந்தது. ஐயம் கேட்க, மனம் விட்டுப் பேச, உடன் உண்ண ஒரு தோழி இல்லை. இதை அறிந்த தந்தையார், பெண்களும் கல்லூரியில் சேரலாம் என்று விளம்பரம் செய்யுமாறு கல்லூரியாரிடம் எடுத்துரைத்தார். அவ்வாறே விளம்பரம் வந்தது. மலையாள நாட்டிலிருந்து லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்னும் இரு மாணவியர் வந்து சேர்ந்தனர். அவர்கள் இருவரும் தேர்ந்தது சிவில் பிரிவு. லலிதாவின் தனிமை, இரண்டு பெண்களுக்கு வாசல் திறந்துவிட்டது.

அது இரண்டாம் உலகப்போர் நடந்த காலம். பொறியாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் படிப்புக் காலம் சுருக்கப்பட்டது. எனவே முன்பின்னாகச் சேர்ந்த மூவரும் ஒரே சமயத்தில் பட்டம் பெறும் வாய்ப்பு அமைந்தது. லலிதா 1943-இல் படிப்பை முடித்து, 1944-இல் பட்டம் பெற்றார். பட்டம் பெறுவோர் ஆண்களே என்ற நினைப்பில், சான்றிதழில் ஆண்பாற் சொல்லே அச்சிடப்பட்டிருந்தது. லலிதாவின் சான்றிதழில் அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். ஒரு சிறு பேனாக் கோடுதான். ஆனால் நூற்றைம்பது ஆண்டுக் கல்லூரியின் வரலாற்றில் அது ஒரு பெரிய திருத்தம்.

பணியும் வாழ்வும்

படிப்பின் நிறைவாக, பீகாரில் உள்ள ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் லலிதா ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றார். நீராவி இயந்திரங்களின் இரைச்சலும் கரியும் எண்ணெயும் நிறைந்த இடம் அது. பின்னர் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய நிறுவனத்தில் பொறியியல் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே சகோதரர் ஒருவர் இருந்ததால் மகளுடன் தங்க வசதியாயிற்று. ஏறத்தாழ இரண்டாண்டுகள் அங்கே பணியாற்றினார். அதன்பின் சில மாதங்கள் சென்னையில் தந்தையாரின் ஆராய்ச்சிக்கு உதவினார். மின்சாரத்தால் இயங்கும் இசைக்கருவி, புகையில்லாத அடுப்பு முதலிய தந்தையின் முயற்சிகளில் அவருக்கும் பங்குண்டு.

1948-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கும் ஒரு சகோதரரின் குடும்பம் இருந்தது. மகள் அக்குடும்பத்துப் பிள்ளைகளோடு வளர்ந்தாள். இந்த நிறுவனத்திலேயே லலிதா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றினார்.

அவர் செய்த வேலை என்ன என்பதைச் சற்று விளக்குவோம். மின்நிலையத்தில் பிறக்கும் மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டு செல்லும்போது, கம்பியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அந்த இழப்பு, மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று நாம் பௌதிக வகுப்பில் படிக்கிறோம். ஒரே அளவு மின்திறனை அனுப்பும்போது மின்னழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால் மின்னோட்டம் பாதியாகும். இழப்போ நான்கில் ஒரு பங்காகும். ஆகவே அழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஊருக்கு அருகே துணை மின்நிலையத்தில் குறைத்து வழங்குகிறார்கள். கம்பிகள் செல்லும் வழியையும், துணை மின்நிலையத்தின் அமைப்பையும், கோளாறு நேர்ந்தால் தாமே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவிகளையும் வகுத்துத் தருவதே லலிதா அம்மையாரின் பணி. சட்லெஜ் நதியின் குறுக்கே 226 மீட்டர் உயரத்தில் எழுந்து, 1963-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையின் மின்னாக்கிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

களத்துக்குச் சென்று கருவிகளை நிறுவும் திறமையும் அவருக்கு இருந்தது. ஆயினும் கைம்பெண் ஒருத்தி தனியே வெளியூர்ப் பணியிடங்களுக்குச் செல்வது அன்று எளிதாயில்லை. எனவே வடிவமைப்புப் பணியிலேயே அவர் கருத்தூன்றினார். உலகம் விதித்த தடையை எண்ணிக் கையைக் கட்டிக்கொண்டு அமரவில்லை; தமக்குக் கிடைத்த மேசையிலிருந்தே நாடெங்கும் மின்சாரம் செல்ல வழி வகுத்தார்.

அனைத்துலக மேடையில்

லண்டன் மின்பொறியாளர் கழகம் 1953-இல் அவரை இணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதம் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் அனைத்துலக மாநாடு நடந்தது. இந்தியாவில் அப்போது அத்தகைய அமைப்பு எதுவும் இல்லாததால், லலிதா அம்மையார் தம் சொந்தப் பொறுப்பிலேயே அங்குச் சென்று கலந்துகொண்டார். அடுத்த ஆண்டில் லண்டன் பெண் பொறியாளர் சங்கத்தில் உறுப்பினரானார். 1967-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இரண்டாம் மாநாடு கூடியபோது, இந்தியப் பெண் பொறியாளர்களுக்கு அச்செய்தியைக் கொண்டு சேர்ப்பதில் முனைந்து நின்றார். கிண்டி விடுதியில் தோழியின்றித் தவித்தவர், பிற்காலத்தில் பல தோழியரைத் தேடித் திரட்டியது பொருத்தமன்றோ!

அவருடன் கிண்டியில் படித்த திரேசியா அம்மையாரின் வாழ்வும் நினைக்கத்தக்கது. சிவில் பிரிவைத் தேர்ந்த அவர், 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார். ஒருவர் மின்சாரம், மற்றவர் சாலையும் கட்டடமும். எந்தப் பிரிவு சிறந்தது என்று கேட்பவருக்கு இந்த இரு தோழியரின் வாழ்க்கையே விடை கூறும்.

லலிதா அம்மையார் 1977-இல் ஓய்வு பெற்றார். ஓய்வுக்குப் பின் நீண்ட நாள் வாழ அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், அறுபது வயது நிறைந்த சில வாரங்களில், மூளை இரத்தக்குழாய் நோயினால் காலமானார்.

நமக்குக் கிடைக்கும் பாடம்

அம்மையாரின் வாழ்வைப் படித்து முடித்தபின் எங்கள் வகுப்பில் ஒருநாள் இதைப் பற்றிப் பேசினோம். அவர் ஏன் மின்பொறியியல் எடுத்தாரோ, அதே காரணத்துக்காக நாங்களும் அதை எடுக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய காரணம் அவருடைய வாழ்க்கையிலிருந்து பிறந்தது. எங்கள் காரணம் எங்கள் வாழ்க்கையிலிருந்து பிறக்க வேண்டும். ஊரார் எதை உயர்வு என்கிறார்கள் என்று தொடங்காமல், நமக்கு எது இன்றியமையாதது என்று அவர் தொடங்கினாரே, அந்தத் தொடக்கத்தையே நாங்கள் கற்றுக்கொள்ள விரும்புகிறோம்.

பெற்றோருக்கும் ஒரு சொல் பணிவுடன் கூறுவோம். லலிதாவின் தந்தை மகளுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. மகள் தேர்ந்ததற்காகக் கதவுகளைத் தட்டினார். அவர் ஒருவர் துணை நின்றதால் ஒரு குழந்தையின் வாழ்வு காக்கப்பட்டது. பின்னே வந்த பெண்கள் பலருக்குப் பாதை கிடைத்தது.

தங்கையரே, இன்று மாலை வீட்டுக்குச் சென்று விளக்கின் சுவிட்சைத் தட்டும்போது ஒரு நொடி நின்று நினையுங்கள். அந்த ஒளி வீட்டுக்கு வரும் நெடிய பாதையை வகுத்தவர்களுள் ஒரு தாயும் இருந்தார். குழந்தையின் அருகே மாலையில் இருக்க வேண்டும் என்று எண்ணிப் பிரிவு தேர்ந்த தாய் அவர். நாமும் எண்ணித் தேர்வோம். தேர்ந்தபின் அதில் உறுதியாய் நிற்போம்.